புயல் மாசத்துக்கு இனிப்பு இருப்பு: டெல்டா ஈரத்தில் எது நிற்கும், எது நிற்காது?

அரசலாறு (காரைக்கால்):

அரிசி, பருப்பு, மெழுகுவத்தி, தண்ணீர் கேன் எல்லாம் இந்த மன்றத்தில் ஏற்கெனவே அலசியாச்சு. இனிப்பைப் பற்றி மட்டும் ஒரு வரியும் காணோம். வீட்டில் 6 பேர். 2 பேர் வயதானவர்கள், 2 பேர் சின்னப் பிள்ளைகள். ஐப்பசியிலிருந்து மார்கழி முடிய எந்த வாரம் புயல் வந்தாலும் 10 நாளைக்குக் கை கொடுக்கணும். ஃப்ரிட்ஜ் கணக்கிலேயே வேண்டாம். முதல் 2 நாள் அடுப்பும் பற்ற வைக்க முடியாதுன்னு வச்சுக்குங்க. கடையில் வாங்கி அடுக்கலாமா, வீட்டில் செய்யணுமா? எதில் போட்டு வைப்பது?

குடமுருட்டி (பாபநாசம்):

வேண்டாததை முதலில் கழித்துவிடுவோம். பால்கோவா, திரட்டுப்பால், அல்வா, அசோகா, தேங்காய் பர்பி, அதிரசம், சுகியன் எதுவும் இருப்புக்கு ஆகாது. நெய் எவ்வளவு ஊற்றினாலும் அசோகா அசோகாதான். வேகவைத்த பாசிப்பருப்பின் ஈரம் உள்ளேயே இருக்கும், மழைக்காலத்தில் சில நாளில் பூசணம் பூக்கும். கடை இனிப்பில் இன்னொரு சிக்கல்: என்றைக்குச் செய்தது, எத்தனை முறை காய்ந்த எண்ணெய் என்று நமக்குத் தெரியாது.

பண்டத்தைக் கெடுப்பது மூன்று: ஈரம், காற்று, பூச்சி. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் பல நாள் 80 சதவீதத்தைத் தாண்டியே நிற்கும். வெளியூர்க்காரர்கள் எழுதும் "6 மாதம் இருக்கும்" என்ற கணக்கெல்லாம் இங்கே பாதிகூடத் தேறாது.

அதனால் செய்த பண்டம் கொஞ்சமாகவும், காய்ந்த மூலப்பொருள் நிறையவும் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் இனிப்பு என்றால் 6 பேருக்கு 10 நாளைக்கு 3 கிலோ. அதில் 2 கிலோ அப்படியே கடித்துத் தின்னக் கூடியதாக இருக்கட்டும். மிச்சம் 1 கிலோ, தண்ணீரோ நெய்யோ சேர்த்தால் இனிப்பாகிற உலர் கலவை. இவை போக சீனி 3 கிலோ, வெல்லம் 1 கிலோ தனியாக.

பாகுப்பதம் (மன்னார்குடி):

அந்த 2 கிலோவுக்கு என் ஓட்டு: கடலை மிட்டாய் ஒரு கிலோ, பொருள்விளங்கா உருண்டை ஒரு கிலோ. கெட்டி உருண்டைன்னும் சொல்லுவாங்க. அளவு எழுதுறேங்க.

புழுங்கலரிசி 250 கிராம், பாசிப்பருப்பு 250 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம். அரிசியைப் பொரியுற வரைக்கும், பருப்பைச் சிவந்து வாசனை வர்ற வரைக்கும் தனித்தனியா வறுக்கணும். சேர்த்து வறுத்தா பருப்பு கருகும், அரிசி வேகாது. பொட்டுக்கடலையைச் சூடு காட்டினா போதும். நல்லா ஆறினதும் அரைச்சு, 10 கிராம் சுக்குப்பொடி, கொஞ்சம் ஏலக்காய். சூட்டோட அரைச்சா மாவு வேர்க்கும், அந்த ஈரமே பின்னாடி பூசணம்.

வெல்லம் 400 கிராம், தண்ணி அரை டம்ளர். கரைச்சு வடிகட்டிட்டு காய்ச்சுங்க. ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு விரலால உருட்டினா கெட்டியா உருளணும், தட்டுல போட்டா ணங்குன்னு சத்தம் கேக்கணும். தெர்மாமீட்டர் உள்ளவங்களுக்கு 125லேருந்து 130 டிகிரி செல்சியஸ். மாவுல ஒரு கைப்பிடி எடுத்து வச்சுட்டு மீதியில பாகை ஊத்திக் கிளறி, கை பொறுக்குற சூட்டுல உருட்டணும். எடுத்து வச்ச மாவைக் கையில தொட்டுக்கலாம். எண்ணெயோ நெய்யோ தொடாதீங்க, தேங்காய்ப் பல்லும் போடாதீங்க. ருசிக்குத் தேங்காய் சேக்குறது நம்ம ஊர் வழக்கம்தான், ஆனா முதல்ல சிக்கு வாடை வர்றது அந்தப் பல்லுலேருந்துதான்.

பதம் குறைஞ்சா உருண்டை மெத்துனு இருக்கும், நல்லாத்தான் இருக்கும், ஆனா நிக்காது. சரியான பதத்துல செஞ்சது ஈரம் படாம வச்சா 2 மாசம் தாராளம்.

கடலை மிட்டாய்க்கு வேற பதம். தோல் நீக்கின வறுகடலை 500 கிராம், வெல்லம் 350 கிராம். இதுல சொட்டைத் தண்ணியில விட்டா கம்பியாட்டம் படக்குனு ஒடியணும், 145லேருந்து 150 டிகிரி. அதைத் தாண்டினா வெல்லம் கருகிக் கசக்கும். பல்லுல ஒட்டுற கடலை மிட்டாய்னா பாகு 10 டிகிரி முன்னாடியே இறங்கிடுச்சுன்னு அர்த்தம். அது மழைக்காலத்துல ஒரே வாரத்துல கசியும்.

வெட்டாறு (திருவாரூர்):

கெட்டி உருண்டையைக் கடிக்க 2 பெரியவர்களுக்குப் பல் இருக்கணுமே அக்கா?

பாகுப்பதம்:

துணியில சுத்தி உலக்கையால ஒரு தட்டு. பொடியை வெந்நியிலயோ பால்லயோ ஊற வச்சா 10 நிமிஷத்துல கஞ்சி மாதிரி ஆயிடும். 4 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கும் அப்படித்தான் கொடுக்கணும். முழுக் கடலையும் அந்த வயசுக்கு வேண்டாம், தொண்டையில அடைக்கும்.

உப்பளம் (வேதாரண்யம்):

பண்டம் சரியா வந்தாச்சு. 2 மாசம் நிக்கிறது பொட்டலத்தைப் பொறுத்தது.

எவர்சில்வர் தூக்கு, சம்படம் எதுவும் காற்று புகாதது கிடையாது. மூடி இறுக்கமா இருக்குன்னு தோணும், அவ்வளவுதான். சாதா பாலிதீன் பையும் ஈரத்தை மெல்ல மெல்ல உள்ளே விடும். உள்ளே அலுமினியப் பூச்சு உள்ள தடிச்ச பை வாங்குங்க. மைலார் பைன்னு கேட்டால் தருவாங்க. அரை கிலோ பையா பிரிச்சுப் போடுங்க. ஒரு பையைப் பிரிச்சால் 2 நாளில் தீரணும். வாய்ப்பக்கம் மாவு, பிசுக்கு இல்லாமல் துடைச்சுட்டு, பலகை மேலே வச்சு இஸ்திரிப் பெட்டியால் ஒட்டலாம். ரெண்டு விரற்கடை அகலத்துக்கு ஒட்டணும், ஒற்றைக் கோடு போதாது. ஆறினதும் பையை அமுக்கிப் பாருங்க, காற்று கசிஞ்சால் மறுபடி.

இப்போ ஆக்சிஜன் உறிஞ்சி. சின்னப் பொட்டலம், உள்ளே இரும்புத்தூள். அது துருப்பிடிக்கும்போது பையில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கும். கடலை மிட்டாய்க்கு இது அவசியம். கடலையில் பாதி எண்ணெய், எண்ணெய் சிக்கு அடிக்கிறது ஆக்சிஜனால்தான். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 சி.சி. ஆக்சிஜன். அரை கிலோ மிட்டாய் போட்ட பையில் மிஞ்சுற காற்று ஒரு லிட்டருக்கு மேலே போகாது, அதனால் 300 சி.சி. பொட்டலம் ஒண்ணு போதும். உறையைப் பிரிச்சதிலிருந்து 15 நிமிஷத்துக்குள் எல்லாப் பையையும் ஒட்டி முடிக்கணும். மிஞ்சினதைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு இறுக்க மூடுங்க. மறுநாள் பை செங்கல் மாதிரி இறுகியிருந்தால் வேலை செஞ்சிருக்கு. எப்பவும் போல தளதளன்னு இருந்தால் ஒட்டு விட்டிருக்கலாம், இல்லாவிட்டால் பொட்டலம் ஏற்கெனவே செத்திருக்கலாம்.

சீனியில் மட்டும் உறிஞ்சி போடாதீங்க. கல்லாகிடும், கடப்பாரைதான் வேணும். சீனிக்கு ஆக்சிஜனால் கெடுதல் எதுவும் இல்லை. ஈரம் படாமல் இருந்தால் அதுக்குக் காலக்கெடுவே கிடையாது. ஈரத்தைக் குடிக்கிற சிலிக்கா ஜெல்லும் உறிஞ்சியும் ஒரே பையில் வேண்டாம். இரும்பு துருப்பிடிக்கக் கொஞ்சம் ஈரம் வேணும், அதை ஜெல் குடிச்சுட்டால் உறிஞ்சி சும்மா கிடக்கும்.

நெல்லுமூட்டை (பட்டுக்கோட்டை):

உறிஞ்சி, ஜெல் எல்லாம் எதுக்குங்க? டப்பாவுக்குள்ள ஒரு துணி முடிச்சுல கல்லுப்பு கட்டிப் போட்டா ஈரத்தை இழுத்துக்காதா?

உப்பளம்:

இழுக்கும். இழுத்துட்டு சொட்டும். சுத்தமான உப்பே 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேலே கரைய ஆரம்பிக்கும். கல்லுப்பில் மக்னீசியம் இருக்கறதால் அதுக்கு முன்னாடியே கசியும். கார்த்திகையில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தாலே தெரியும். சுட்ட சுண்ணாம்பு போடலாம்னு அடுத்து யாராவது வருவீங்க. வெள்ளம் வர்ற வீட்டில் அது கூடாது. தண்ணீர் பட்டால் கொதிக்கும், பிள்ளைகள் கையில் பட்டால் புண்ணாகும்.

காவேரிக்கரை (கும்பகோணம்):

அதிரச மாவைக் கிளறி இந்த மைலார் பையில் உறிஞ்சியோட போட்டா மாசக்கணக்கில் இருக்குமே? வேணுங்கறப்போ தட்டி எடுத்துக்கலாம்.

குடமுருட்டி:

கூடவே கூடாது. இந்த இழையிலேயே ஆபத்தான யோசனை இதுதான், அதனால் விரித்துச் சொல்கிறேன்.

அதிரச மாவு ஊறவைத்து ஈரமாகவே இடித்த பச்சரிசி. பாகு சேர்ந்த பிறகும் ஈரம் நிறைய உண்டு. ஆக்சிஜன் உறிஞ்சி போடும் பண்டத்தில் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. காற்றில்லாத ஈரமான இடத்தில்தான் போட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். அந்த நஞ்சு மணத்திலும் ருசியிலும் தெரியாது. வெல்லம் அதிகமாக இருந்தால் கிருமி வளராது என்று வாதாடலாம். ஆனால் வீட்டுக்கு வீடு பதம் மாறும்போது எந்த மாவில் எவ்வளவு ஈரம் என்று யார் அளப்பது? மாவைப் பீங்கான் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டி, 10, 15 நாளில் சுட்டுத் தீர்ப்பதுதான் முறை. பாகு இளகியிருந்தால் அதற்கும் முன்பே புளித்துப் பொங்கும். தீபாவளிக்குச் சரி, புயல் இருப்புக்கு இல்லை.

காவேரிக்கரை:

புரிஞ்சுதுங்க ஐயா. அப்போ அடுப்பில்லாத முதல் 2 நாளுக்கு உருண்டையும் மிட்டாயும் மட்டும்தானா?

பாகுப்பதம்:

இன்னும் ரெண்டு இருக்கு.

ஒண்ணு மாலாடு கலவை. பொட்டுக்கடலை 500 கிராம் அரைச்சு சலிச்ச மாவு, பொடிச்ச சீனி 400 கிராம், ஏலக்காய்ப்பொடி. இதை உலர்ந்தாப்புல பையில ஒட்டி வச்சுடுங்க. நெய்யைத் தனியா 200 மில்லி டின்னுல. தேவைப்படுறப்போ ஒரு டம்ளர் கலவைக்கு 3 ஸ்பூன் நெய் விட்டுப் பிசைஞ்சு பிடிச்சா லாடு. அடுப்பு வேணாம், தண்ணியும் வேணாம். முன்கூட்டியே நெய் சேத்துப் பிடிச்சு வச்சா மூணு வாரத்துல வாடை வரும். அதான் பிரிச்சு வைக்கச் சொல்றேன். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்ததுதான், ஆனாலும் அரைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாணலியில சூடு காட்டுங்க. பூச்சி முட்டை இருந்தா போயிடும்.

ரெண்டாவது அவல். மெல்லிசு அவல் 5 நிமிஷத்துல ஊறும், கெட்டி அவல் 20 நிமிஷம். வெல்லப்பொடி, ஏலக்காய் போட்டா பிள்ளைங்க சாப்பிடும். ஊற வைக்கிற தண்ணி குடிக்கிற தண்ணியா இருக்கணும். வெள்ளம் வந்த கிணத்துத் தண்ணியில ஊற வைக்காதீங்க.

வெட்டாறு:

பாயசம் வச்சால் பெரியவங்களுக்குத் தெம்பு. அடுப்பு கிடைக்கிற மூணாம் நாளுக்கு ஒரு பொட்டலக் கணக்கு, 6 பேருக்கு ஒரு வேளை:

வறுத்த சேமியா 100 கிராம், சீனி 120 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 100 கிராம், ஏலக்காய்ப்பொடி கால் ஸ்பூன். கொழுப்புள்ள பால் பவுடர் ருசிதான், ஆனால் சீக்கிரம் சிக்கு அடிக்கும். பால் பவுடரைத் தனிச் சின்னப் பையில் போட்டு அந்தப் பையைப் பெரிய பைக்குள் வைங்க. மொத்தமாக் கொதிநீரில் கொட்டினால் பவுடர் கட்டி தட்டும். 700 மில்லி தண்ணீரில் சேமியாவை வேகவிட்டு சீனி போடுங்க. பவுடரை 300 மில்லி வெதுவெதுப்பான, கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் கரைச்சு கடைசியில் ஊத்தி ஒரு கொதி. வெல்லம் போடுறதாக இருந்தால் இறக்கி ஆறினப்புறம் பாலை ஊத்தணும், இல்லாவிட்டால் திரியும்.

ஜவ்வரிசி வேண்டாம். கெடாது என்பது உண்மை, ஆனால் வெந்து கண்ணாடியாக சேமியாவைவிட மூணு மடங்கு எரிபொருள் தின்னும். முந்திரி, திராட்சை இல்லாட்டி பாயசமான்னு கேட்பவர்கள் முந்திரியை மிட்டாய் பைக்குள்ளேயே போட்டுக்கலாம், அதுக்கும் அதே எண்ணெய்ச் சிக்கல்தான்.

அரசலாறு:

வெல்லம் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆனியில் வாங்கிய வெல்லம் ஐப்பசியில் குழைந்து தேன் மாதிரி வழிகிறது.

குடமுருட்டி:

இங்கேதான் நம் பக்கத்துக் காலக்கணக்கு இடிக்கும். வீரமாங்குடி, பாபநாசம் வட்டாரத்தில் கரும்பாலை மும்முரமாக ஓடுவது மார்கழி முதல் பங்குனி வரை. புயல் வருவது ஐப்பசி, கார்த்திகை. ஆக, புயலுக்கு நாம் வைக்கும் வெல்லம் எப்படியும் 7, 8 மாதப் பழசு. அதைத் தாங்குமாறு பார்த்து வாங்க வேண்டும்.

அச்சு வெல்லத்தை உடைத்துப் பாருங்கள். உள்ளே மணல்போல் பரல் தெரிந்து, விரலில் ஒட்டாமல் உடைந்தால் வைக்கலாம். மெழுகுபோல் அமுங்கினால் அந்த வாரமே பொங்கி முடித்துவிடுங்கள். வெட்டிய கரும்பு நாள்பட ஆலைக்குப் போனால் அதன் சர்க்கரையில் ஒரு பங்கு பிரிந்து கரையும் இனமாக மாறிவிடும். காற்றின் ஈரத்தை இழுப்பது அந்த இனம். பளபளவென்று வெளுத்த நிறம் தரத்துக்கு அடையாளம் இல்லை, நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டிருப்பார்கள்.

வெயில் உறைக்கும் வைகாசி, ஆனி மதியத்தில் பொட்டலம் கட்டுங்கள். காலையிலும் மாலையிலும் கட்டினால் காற்றின் ஈரத்தையும் சேர்த்தே அடைக்கிறீர்கள். அச்சு அச்சாக வெண்ணெய்த்தாளில் சுற்றி, அரை கிலோவாக மைலார் பையில் ஒட்டலாம். உறிஞ்சி வேண்டாம். வெல்லத்தில் ஈரம் சமயத்தில் வரம்பைத் தொடும், தவிர அதுவும் சீனி மாதிரி இறுகும்.

கருப்பட்டியும் ஈரம் இழுக்கும், அதை அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிடுவது பழைய முறை. இப்போது புகை அடுப்பு எத்தனை வீட்டில் இருக்கிறது? பனங்கற்கண்டு நல்ல மாற்று. பரல் கட்டிய சர்க்கரை, ஈரத்தை எளிதில் இழுக்காது.

நெல்லுமூட்டை:

எல்லாத்தையும் பரண்ல ஏத்திடலாம்ல? வெள்ளம் எட்டாது.

உப்பளம்:

வெள்ளம் எட்டாது, மழை எட்டும். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் கரையைக் கடந்தது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே. ஓடும் ஆஸ்பெஸ்டாஸும் பறந்த வீட்டில் பரண்தான் முதலில் நனையும். மச்சு வீடுன்னா லாஃப்ட் சரி. ஓட்டு வீடு, கூரை வீடுன்னா ரெண்டாப் பிரிங்க. பெரும்பகுதி, இரும்பு வளையத்தால் மூடி பூட்டுற பிளாஸ்டிக் டிரம்மில், இடுப்புயரத்துக்கு மேலே, சுவரோட கட்டி. டிரம் மிதந்து போகாமல் இருக்கக் கயிறு முக்கியம். மீதி ஒரு தோள்பையில், பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ போகும்போது தூக்கிட்டுப் போக. 3 கிலோவுக்கு மேலே அந்தப் பை கனக்கக்கூடாது, தண்ணீரும் கையில் இருக்குமே.

எலி பிளாஸ்டிக்கைக் குதறும். மைலாரையும் குதறும். டிரம்முக்குள்ளே தகர டின், அதுக்குள்ளே பைகள். பழைய பெரிய பிஸ்கட் டின் கச்சிதம். மூடி விளிம்பைச் சுத்தி டேப் ஒட்டுங்க, எறும்பும் நுழையாது. மஞ்சள்பொடிக் கோடு ஈரத்தில் எறும்பைத் தடுக்காது.

காவேரிக்கரை:

தண்ணி ஏறி டின் நனைஞ்சா?

உப்பளம்:

எதுன்னு பார்க்கணும். வீட்டில் ஒட்டின பை வெள்ளத்தில் முழுகியிருந்தால் தூக்கிப் போடுங்க, பார்க்க முழுசா இருந்தாலும். திருகு மூடி பாட்டில், இழுத்துத் திறக்கிற மூடி, அழுத்து மூடி டப்பா எல்லாமே அப்படித்தான். மூடி இடுக்கில் சாக்கடைத் தண்ணீர் நிக்கும். ஆலையில் அடைச்சு வந்த கண்டென்ஸ்டு மில்க் மாதிரி டின்னில் நசுங்கல், துரு, உப்பல் இல்லைன்னா காப்பாத்தலாம். காகிதத்தை உரிச்சு, சோப்பு போட்டுக் கழுவி, 4 லிட்டர் சுத்தமான தண்ணீரில் வாசனை சேர்க்காத பிளீச் திரவம் 15 மில்லி கலந்து 15 நிமிஷம் முக்கி எடுத்துக் காய விடுங்க. காகிதத்தில் இருந்த காலாவதித் தேதியை மார்க்கரால் டின் மேலேயே எழுதுங்க. உப்பின டின்னை ருசி பார்க்க வேண்டாம், அப்படியே குழியில்.

வெட்டாறு:

சர்க்கரை நோயாளி உள்ள வீட்டுக்கு ஒரு வரி. இந்த இருப்பு அவங்களுக்குத் தின்பண்டம் இல்லை. சாப்பாடு தாமதமாகி சர்க்கரை இறங்கி வேர்த்துப் படபடப்பு வந்தால் மருந்து. நினைவோடு இருந்தால் 3 டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிஷம் கழிச்சுப் பாருங்க. மயங்கிட்டால் வாயில் எதையும் ஊத்தாதீங்க. வயிற்றுப்போக்குக்கும் இதே சீனிதான்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு சீனி 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், ரெண்டும் தலை தட்டி. அதனால் 3 கிலோ சீனியில் அரை கிலோவை அரை டீஸ்பூன் கரண்டியோட தனியாக் கட்டி வைங்க. ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது.

அரசலாறு:

குறித்துக்கொண்டேன். எந்த மாசம் எதைச் செய்வது என்று மட்டும் ஒரு வரிசை கொடுத்தால் போதும்.

பாகுப்பதம்:

வெல்லம், சீனி, சேமியாப் பொட்டலம் வைகாசி, ஆனியில. மாலாடு கலவை ஆவணியில. கடலை மிட்டாயும் கெட்டி உருண்டையும் புரட்டாசி நடுவுல, மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி வெயில் காயிற ரெண்டு நாளாப் பாத்து. கார்த்திகை முடிஞ்சதும் ஒரு பையைப் பிரிச்சு மோந்து பாருங்க. பழைய எண்ணெய் வாடை அடிச்சா மத்த பைகளையும் உடனே பாக்கணும். எதுவும் தேவைப்படாம மார்கழி போயிட்டா, உருண்டையும் மிட்டாயும் பிள்ளைங்க கைக்கு, வெல்லம் பொங்கல் பானைக்கு. தை பிறந்ததும் ஆலையில புது வெல்லம் வந்துடும், அதுலேருந்து நல்ல பரல் உள்ளதா அடுத்த வருஷத்துக்கு எடுத்து வச்சுக்கலாம்.

நெல்லுமூட்டை:

தேன் பாட்டில் அடியில சீனி மாதிரி உறைஞ்சிருக்கே, கெட்டுப்போச்சா?

குடமுருட்டி:

இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்திவைத்தால் இளகும். கொதிக்க வைக்க வேண்டாம். மேலே நுரை கட்டி, புளிப்பு வாடை வந்தால்தான் கெட்டது, ஈரக்கரண்டி போட்டிருப்பீர்கள்.